நோட்டுக்காவலர்

இன்ஜினியரிங் காலேஜ் ஹாஸ்டலில் முதல் நாள். மற்ற பையன்கள் பக்கெட், மக், கொசுவத்தி, ஊறுகாய் பாட்டில் சகிதம் வந்து இறங்கிக்கொண்டிருப்பார்கள். ஒருவர் மட்டும் அப்பா ஒரு முனை, தான் ஒரு முனையாக ஓர் அட்டைப்பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க மாடியேறுவார். இந்தக் கனத்துக்கு முறுக்கும் அதிரசமுமாகத்தான் இருக்கும் என்று ரூம்மேட்டுகள் ஓடிவந்து கை கொடுப்பார்கள். பிரித்தால் பிளஸ் டூ நோட்டு.

"என்ன மச்சி இது?"

"மேத்ஸ் நோட்டுடா. ஃபர்ஸ்ட் செம் மேத்ஸ் எம்-ஒன்ல கால்குலஸ் வருதாம்ல."

இவர்தான் நோட்டுக்காவலர். பள்ளிக்கூடத்தை விட்டு வந்தவர், பள்ளிக்கூடத்தைக் கையோடு எடுத்து வந்தவர். ஒவ்வொரு நோட்டுக்கும் பிரவுன் அட்டை, லேபிள், லேபிள் கிழியாமலிருக்க அதன்மேல் செலோ டேப். கணக்குக்கு மட்டும் கிளாஸ் நோட்டு, ஹோம்வொர்க் நோட்டு, டெஸ்ட் நோட்டு, டியூஷன் நோட்டு. ஃபிசிக்ஸ் ரெக்கார்டில் மீட்டர் பிரிட்ஜ் படத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஸ்கேல் வைத்து, பென்சிலைச் சீவிச் சீவிப் போட்டது. கெமிஸ்ட்ரி நோட்டில் சால்ட் அனாலிசிஸ் முழுவதும் இருக்கிறது. பழுப்பு வளையம் வந்தால் நைட்ரேட். மெக்கானிக்கல் படிக்க வந்தவருக்கு இது எந்தக் காலத்தில் உதவும் என்று கேட்கக் கூடாது. கேட்டால், "கம்பெனி இன்டர்வியூல பேசிக்ஸ்தான் கேப்பாங்களாம்" என்பார்.

வீட்டிலேயே இதற்கு ஒரு போராட்டம் நடந்திருக்கும். எல்லாவற்றையும் எடைக்குப் போட்டால் பீரோவில் ஒரு தட்டாவது காலியாகும் என்பது அம்மாவின் கட்சி. சரஸ்வதி பூஜையில் வைத்துக் கும்பிட்டதையா தராசில் வைப்பது என்பது பாட்டியின் கட்சி. பாட்டி சொல்வது பக்தியால் மட்டுமல்ல. காலி ஹார்லிக்ஸ் பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து, கல்யாணமான நாளிலிருந்து சேர்த்துவருபவர் அவர். இந்தக் குணம் ரத்தத்தில் வருவது.

இதற்கு நேர் எதிரான ஒரு ஜீவனும் அதே ரூமில் இருக்கும். கடைசிப் பரீட்சை முடிந்த மதியமே பள்ளிக்கூட வாசலில் சட்டைக்குச் சட்டை இங்க் அடித்துவிட்டு, புத்தகத்தைக் கிழித்துக் காற்றில் விட்டவன். கையில் ஒரு பேனாகூட இல்லாமல் காலேஜுக்கு வந்திருப்பான்.

நோட்டு உதவுமா, உதவாதா? நியாயமாகச் சொன்னால் ரெண்டு பக்கம் உதவும். வகையீட்டு, தொகையீட்டு ஃபார்முலா எழுதிய அந்த ரெண்டு பக்கத்தைக் கிழித்து மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டால் போதும். மற்றபடி, அண்ணா பல்கலைக்கழகத்தின் எம்-ஒன் பேப்பரில் மேட்ரிக்ஸ் என்றால் ஐகன் வேல்யூ, கெய்லி-ஹாமில்டன் தியரம். பிளஸ் டூவில் இன்வர்ஸும் ரேங்க்கும் கண்டுபிடித்தவருக்குப் பெயர்ப் பொருத்தம் மட்டும்தான் மிச்சம். ஃபிசிக்ஸ் லேசர், ஃபைபர் ஆப்டிக்ஸ் என்று கிளம்பிவிடும். கெமிஸ்ட்ரியோ பாய்லர் தண்ணீரின் கடினத்தன்மையில் போய் நின்றுகொள்ளும்.

ஒரே ஒருவனுக்கு மட்டும் நான் பெட்டி தூக்கிக் கொடுப்பேன். தமிழ் மீடியத்தில் படித்து வந்து, முதல் மாதம் முழுக்கக் கடைசி பெஞ்சில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருப்பவன். தன் பழைய நோட்டின் ஓரத்தில் பென்சிலால் இங்கிலீஷ் வார்த்தைகளைக் குறித்துக்கொண்டே போவான். நம் ஆள் அந்த ரகமில்லை.

நம் ஆளுக்கு நோட்டு எதற்கு என்பது முதல் இன்டர்னலுக்கு முந்தின ராத்திரி தெரிந்துவிடும். ஹாஸ்டலே ஜெராக்ஸ் கடையில் நிற்கும். சீனியரின் நோட்ஸ், லோக்கல் ஆத்தர் புத்தகம், 2 மார்க் கேள்விக்கு ஒரு கட்டு, பெரிய கேள்விக்கு ஒரு கட்டு என்று சுடச்சுடப் போய்க்கொண்டிருக்கும். நம்மவர் மட்டும் கட்டிலில் சம்மணமிட்டு டெஸ்ட் நோட்டைத் திறப்பார். படிக்கத்தான் திறந்தார். ஆனால் முதல் பக்கத்திலேயே சிவப்பு மையில் 'வெரி குட்'. அடுத்த பக்கத்தில் 'கீப் இட் அப்'. காலாண்டில் ரெண்டு மார்க்தான் குறைவு, அரையாண்டில் சென்டம். கட்-ஆஃப் 197.25. பக்கம் பக்கமாக வாத்தியார் கையெழுத்தைத் தடவிப் பார்த்தபடி மணி ரெண்டாகிவிடும். அந்த நோட்டைத் திறந்தால் அவர் இன்னும் ஃபர்ஸ்ட் ரேங்க். மூடினால் அறுபது பேரில் ஒருத்தர்.

இன்டர்னலில் புத்தகத்தைக் கிழித்துப் பறக்கவிட்டவன் பாஸ். நம்மவர் பார்டர். "பேசிக்ஸ் ஸ்ட்ராங்கா இருக்கு, பிரசென்டேஷன்லதான் கோட்டை விட்டுட்டேன்" என்பார்.

அதற்குப் பிறகாவது பெட்டி ஒழிந்ததா என்றால், இல்லை. இரண்டாம் வருஷத்தில் அதற்கு வாரிசு தேடும் படலம் ஆரம்பிக்கும். எனக்குத் தெரிந்த ஒரு நோட்டுக்காவலர் 2016ல் பிளஸ் டூ முடித்தவர். சித்தி மகள் பன்னிரண்டாவதுக்கு வரட்டும் என்று பொத்திப் பொத்தி வைத்திருந்தார். அவள் வந்து சேர்வதற்குள் 1200 மார்க் 600 ஆகி, 2019ல் பிளஸ் டூ பாடப்புத்தகமே புதிதாகிவிட்டது.

"அண்ணா, இது பழைய சிலபஸ்ணா."

"கான்செப்ட் மாறாதும்மா."

"10 மார்க் கேள்வியே இப்ப கிடையாதுண்ணா."

"எழுதிப் பார்த்தா கை வேகம் வரும்ல?"

அந்தப் பெண் மரியாதைக்கு ஒரு நோட்டை வாங்கிக்கொண்டு போய், எழுதாத பின்பக்கங்களில் கோலம் போட்டுப் பழகினாள் என்று கேள்வி.

படிப்பு முடிந்து அவர் வீடு திரும்பியபோது பெட்டியும் திரும்பியது. கூடவே எட்டு செமஸ்டர் ஜெராக்ஸ் இன்னும் இரண்டு பெட்டி. பாட்டி அப்போது இல்லை, கட்சி பலமிழந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவே பழைய பேப்பர்காரரை உள்ளே கூப்பிட்டுவிட்டார். நம்மவர் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு நோட்டாக எடுத்துக் கொடுத்தார். கொடுக்கும் முன் ஒரு புரட்டு. புரட்டியதில் ஏழு நோட்டு மறுபடி மடிக்கு வந்துவிட்டது.

பேப்பர்காரர் ஃபிசிக்ஸ் ரெக்கார்டைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கினார். "படமெல்லாம் அழகா இருக்கே தம்பி. இதை நான் எடையில சேர்க்கல. என் பொண்ணுக்கு எடுத்துக்கவா? படம் வரையறதுன்னா அதுக்கு உசுரு."

நம்மவர் முகத்தில் நாலு வருஷமாகக் காணாத வெளிச்சம். "தாராளமா எடுத்துக்கங்கண்ணே. பொண்ணு எத்தனாவது?"

"ரெண்டாவது தம்பி."

"அப்ப இதையும் சேர்த்துக் கொண்டு போங்க" என்று மடியிலிருந்த ஏழையும் எடுத்துக் கொடுத்தார். "பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க. பிளஸ் டூவுக்கு உதவும்."