கலயத்துக்கு யார் விசிறுவது?

பீரைப் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டுக்குப் புது மாப்பிள்ளை குணம். 18 டிகிரிக்கும் 22 டிகிரிக்கும் நடுவில் வைத்திருந்தால் முகம் கோணாமல் வேலை பார்க்கும். 30-ஐத் தாண்டினால் கோபம் வந்து, மறுநாள் மண்டையைப் பிளக்கிற கன ஆல்கஹால்களைக் கலந்து வைத்துவிடும். எங்கள் புதுச்சேரிப் பக்கத்துப் பாகூரில் மே மாதம் நிழலிலேயே 38, 40 என்று அடிக்கிறது. 20 டிகிரி வேண்டுமென்றால் ஏதாவது ஓர் அரசு அலுவலகத்தில் பெரிய அதிகாரியின் அறைக்குள் பானையைக் கொண்டுபோய் வைக்க வேண்டும்.

காசில்லாமல் கலயத்தைக் குளிர வைப்பது எப்படி என்ற கேள்வி வில்லியனூர், பாகூர் பக்கத்துக்கு இரண்டாயிரம் வருஷப் பழசு. இதற்குள் கப்பலேறி வந்த கனவான்கள் அத்தனை பேரும் வெயிலிடம் மண்ணைக் கவ்வினார்கள் என்பது என் கட்சி. ஜெயித்தவர் ஒருவர்தான். அவர் அப்போது பனைமரத்தின் மேலே இருந்தார்.

முதலில் தோற்றவர்கள் ரோமாபுரி வியாபாரிகள். 1945-இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேட்டைத் தோண்டியபோது இரண்டு காது வைத்த மதுச்சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. பிற்பாடு ஆராய்ந்தவர்கள், அவற்றில் பல கிரேக்கத்துக் கோஸ் தீவுப் பாணிச் சாடிகள் என்றார்கள். கோஸ் மதுவின் விசேஷம், கெடாமலிருக்க அதில் கடல்தண்ணீர் கலப்பது. கேட்டோ என்ற ரோமானியப் பெரியவர் தன் வேளாண்மைப் புத்தகத்தில் பக்குவமே எழுதி வைத்திருக்கிறார். தங்கள் ஊர்ப் பண்ணைகளில் ரோமானியர்கள் பெருஞ்சாடிகளைக் கழுத்துவரை மண்ணில் புதைத்துச் சூட்டை அடக்கினார்கள். கப்பலில் எங்கே புதைப்பது? கோடை நடுவில் எகிப்தை விட்டுக் கிளம்பி, கொதிக்கிற செங்கடலைக் கடந்து வந்து சேர்ந்த சரக்கை இறக்கும்போது இப்படி ஒரு பேச்சு நடந்திருக்கும் என்று வைத்துக்கொள்வோம்:

"இது என்னா சரக்குங்க?"

"கோஸ் தீவுச் சரக்கப்பா. கடல்தண்ணீர் கலந்தது. ராஜாக்கள் குடிப்பது."

"கடல்தண்ணி எங்ககிட்டயே கெடக்குதே, அதையுமா கப்பல்ல ஏத்திக்கினு வந்தீங்க?"

புறநானூற்றில் நக்கீரர், யவனர் கொண்டுவந்த குளிர்ந்த, மணமுள்ள மதுவைப் பொற்கிண்ணத்தில் பருகி மகிழும்படி பாண்டியன் நன்மாறனை வாழ்த்துகிறார். வாரக்கணக்கில் கப்பலில் வெந்தது எப்படிக் குளிர்ந்தது? பரிசில் வாங்கப் போன இடத்தில் தெர்மாமீட்டரை எடுப்பவர் புலவராகப் பிழைக்க முடியாது.

ஆனால் அதே காலத்து உள்ளூர்க்காரர்களுக்குத் தொழில் தெரிந்திருந்தது. காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பற்றிய பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் நெல்லரிசி பீருக்குச் செய்முறை சொல்கிறார். சமையல் குறிப்பு எழுதுகிற இன்றைய ஆட்கள் பாதியை மறைப்பார்கள், அவர் மறைக்கவில்லை. குற்றாத அரிசியைக் களியாகக் கிண்டு. அகன்ற வாய்த் தட்டில் கொட்டி நன்றாக ஆறவிடு. முளைகட்டிய தானிய அடையை அதில் கரை. கெட்டியான வாயுள்ள சாடியில் ஊற்றி இரண்டு பகல், இரண்டு இரவு விடு. பிறகு வெந்நீர் விட்டுப் பிழிந்து அரித்துக்கொள்.

இதில் சூட்சுமம் அந்த அகன்ற வாய்த் தட்டு. கொதிக்கிற களியில் முளை அடையைப் போட்டால், மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் வெந்து சாகும். அடையோடு வந்த ஈஸ்ட்டும் சாகும். குறுகிய வாய்ப் பானையில் ஆறவிட்டால் நடுவில் சூடு மணிக்கணக்கில் நிற்கும், அதற்குள் கண்ட கிருமியும் குடியேறும். பரப்பிக் காற்றாட விட்டால் சீக்கிரம் ஆறும். இன்றைக்கு இந்த ஒரு வேலைக்காகச் செம்புச் சுருள் குழாய் வாங்கி ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறவர்கள் இருக்கிறார்கள். உருத்திரங்கண்ணனார் ஒரு தட்டோடு முடித்துவிட்டார்.

கபிலர் தன் பங்குக்கு, பாரியின் பறம்பு மலையில் நிலத்தில் புதைத்துப் பக்குவமான தேறலைப் பாடுகிறார். இதைக் கேட்டு உடனே பாகூரில் குழி வெட்டக் கிளம்ப வேண்டாம். சில அடி ஆழத்தில் மண்ணின் சூடு அந்த ஊரின் வருஷ சராசரியை ஒட்டி நிற்கும். புதுச்சேரியில் அது 28 டிகிரி பக்கம். பகலில் 40, விடியலில் 27 என்ற ஆட்டத்தைக் குழி நிறுத்தும். 20 டிகிரிக்கு இறக்காது. ஈரக் கோணிச்சாக்கைச் சுற்றும் வித்தைக்கும் இங்கே ஒரு தடை உண்டு. தண்ணீர் ஆவியாகும்போதுதான் பானை குளிரும். ராஜஸ்தானத்து வறண்ட காற்றில் சாக்கு சடசடவென்று காயும், பானை நன்றாகக் குளிரும். நம்முடையது கடற்கரை. ஏற்கெனவே ஈரத்தைச் சுமந்து களைத்த காற்று உங்கள் சாக்கிலிருந்து இன்னும் எவ்வளவுதான் வாங்கிக்கொள்ளும்? மதியத்துக்கு மேல் கடற்காற்று புகுந்த பிறகு சாக்கு ஈரமாகவே தொங்கும், கலயம் சூடாகவே இருக்கும்.

பல்லவர்களும் சோழர்களும் சூட்டைப் பற்றிக் கவலைப்படவில்லை. வரியைப் பற்றிப் பட்டார்கள். பல்லவர் செப்பேடுகளில் கள் இறக்குபவர்கள் மீது ஈழம்பூட்சி என்றொரு வரி வருகிறது. சோழர் காலத்துத் தானச் செப்பேடுகள் சில, தானம் கொடுத்த ஊரின் தென்னையிலும் பனையிலும் ஈழவர் ஏறக்கூடாது என்று நிபந்தனை போடுகின்றன. கலால் துறையின் கொள்ளுத்தாத்தா அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்.

ஐரோப்பாக்காரர்களின் கதை இன்னும் வேடிக்கை. வெயில் அதிகமில்லாத பவேரியாவிலேயே கோடை பீர் கெட்டுப்போகிறது என்று 1553-இல் ஐந்தாம் ஆல்பிரெக்ட் பிரபு சட்டம் போட்டார்: செப்டம்பர் 29 முதல் ஏப்ரல் 23 வரை மட்டும் பீர் வடிக்கலாம். அதே கணக்கைப் பாகூரில் போட்டிருந்தால் ஆலைக்காரர் வருஷம் பூராவும் லீவில் இருந்திருப்பார். வெள்ளைக்காரர்கள் பீர் ஆலையைத் தூக்கிக்கொண்டு காசௌலிக்கும் நீலகிரிக்கும் ஏறினார்கள். ஈஸ்ட்டுக்காக மலையேறிய முதல் கூட்டம் இதுவாகத்தான் இருக்கும். கீழே இருந்த சென்னைக் கனவான்களோ பாஸ்டன் பக்கத்து ஏரிகளில் உறைந்த பனிக்கட்டியை மரத்தூளில் பொதிந்து கப்பலில் வரவழைத்து, கிண்ணத்தில் போட்டுக்கொண்டார்கள். அதைச் சேமிக்கக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ்தான் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஒரு கிளாஸ் குளிர்ச்சிக்குப் பாதி பூமியைச் சுற்றியவர்களிடம் நாம் சிக்கனம் கற்றுக்கொள்ள முடியாது.

சிப்பாய்களுக்கு ஐஸ் கிடையாது. 1752 செப்டம்பரில் பாகூரில் லாரன்ஸ் தலைமையில் ஆங்கிலேயர்களும், பிரெஞ்சு கவர்னர் தூப்ளேக்ஸின் உறவினர் கெர்ஜான் தலைமையில் பிரெஞ்சுக்காரர்களும் மோதினார்கள், கெர்ஜான் பிடிபட்டார். இந்தக் கம்பெனிப் பட்டாளங்களின் பானம் சாராயம். வெயிலோடு மல்லுக்கட்ட முடியாதவன் அடுப்பைப் பற்றவைத்தான். காய்ச்சி வடித்தது எந்தச் சூட்டிலும் புளிக்காது. சாராயம் வெப்பக் கட்டுப்பாட்டுப் பிரச்சினையின் தீர்வு அல்ல, அதிலிருந்து ஓடிப்போவது.

1876-இல் லூயி பாஸ்டர் பீரைப் பற்றிப் பெரிய புத்தகம் எழுதினார். ஜெர்மனியிடம் போரில் தோற்ற கோபத்தில், பீரிலாவது அவர்களை ஜெயிக்க வேண்டும் என்பது அவர் வைராக்கியம். பானம் ஏன் கெடுகிறது என்பதைத் தெளிவாகச் சொன்னார். மதுவை ஐம்பது, அறுபது டிகிரிக்குச் சூடாக்கினால் கெடாது என்பதை அதற்கு முன்பே நிரூபித்திருந்தார். அந்தச் சூட்டைச் சித்திரை மாசத்தில் எங்கள் தகரக் கூரை இலவசமாகவே தரும், குளிர்ச்சிதான் கிடைக்காது.

இனி ஜெயித்தவருக்கு வருவோம். மரமேறி, சூட்டை அடக்க முயலவே இல்லை. அவர் கையில் எடுத்தது நேரம். பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டிவிட்டு இறங்குகிறார். கலயத்தில் ஒட்டியிருக்கும் பழைய வண்டலிலேயே ஈஸ்ட் இருக்கிறது. சொட்டு விழ விழப் புளிப்பு ஆரம்பம். இந்த ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி என்றால் என்னவென்றே தெரியாது, இந்த வெயிலிலேயே பிறந்து வளர்ந்தது. விடியலில் இறக்கினால் இனிப்பு. வெயிலேறினால் காரம். சாயங்காலம் புளிப்பு. மறுநாள் காடி. ஆக, கெடுவதற்கு முன் குடித்துத் தீர்ப்பதுதான் முறை. கிடங்கும் வேண்டாம், ஐஸும் வேண்டாம்.

புளிக்கவே கூடாதென்றால் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு பூசுவார். காரத்தன்மை ஏறியதும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் கையைக் கட்டிக்கொள்ளும், இறங்குவது பதநீர். அதே மரம், அதே பாளை, அதே வெயில். விரலளவு சுண்ணாம்பு இருந்தால் நீங்கள் கிராமியத் தொழிலாளி; இல்லாவிட்டால், 1987 முதல் தமிழ்நாட்டு எல்லைக்குள் நீங்கள் குற்றவாளி. எல்லைக்கு இந்தப் பக்கம் புதுச்சேரியில் கள்ளுக்கடை ஏலம் எடுத்து நடக்கிறது. வயல் வரப்புகளில் வளைந்து வளைந்து போகும் அந்த எல்லை பனைமரத்துக்குத் தெரியாது. போலீஸுக்கு நன்றாகத் தெரியும்.

கபிலரின் புதைத்த தேறல் இன்றும் உயிரோடு இருக்கிறது, கள்ளச்சாராய ஊறலாக. வெல்லமும் வேலம்பட்டையும் போட்ட பேரலைப் புதைப்பவர் சூட்டுக்காகப் புதைப்பதில்லை, காக்கிச் சட்டைக்குப் பயந்து புதைக்கிறார். ஆனால் 2023 மே மாதம் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் ஆட்களைக் கொன்றது இந்த ஊறல்கூட இல்லை, தொழிற்சாலை மெத்தனால். அதில் கேலி செய்ய எதுவும் இல்லை. சிறுபாணாற்றுப்படையில் நுளைச்சியர் வடித்த பழைய தேறலைப் பாணர்களுக்குக் கொடுத்து உபசரித்த எயிற்பட்டினம் இதே மரக்காணம்தான் என்பார்கள்.

இன்றைய பீர் பைத்தியங்கள் உறைந்த தண்ணீர் பாட்டில்களைத் தெர்மாகோல் பெட்டியில் மாற்றி மாற்றி வைத்து அல்லாடுகிறார்கள். அவர்களுக்கு நார்வே நாட்டுப் பண்ணைகளிலிருந்து க்வெய்க் என்ற ஈஸ்ட் வந்திருக்கிறது. 35 டிகிரியிலும் அலுங்காமல் வேலை செய்யும். பனி பெய்யும் ஊரில் வெயில் பிடித்த ஈஸ்ட்டை வளர்த்திருக்கிறார்கள், பாருங்கள்.

அதை வாங்கிப் பாகூரில் பானை வைக்கலாமா என்று கேட்காதீர்கள். 1970-ஆம் ஆண்டுப் புதுச்சேரி கலால் சட்டப்படி உரிமமில்லாமல் வீட்டில் வடிப்பது குற்றம். குடிக்கிற பழக்கமுள்ளவர் உரிமம் பெற்ற கள்ளுக்கடைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மதியத்துக்கு மேல் போனால் காசு அதேதான், கிடைப்பது முக்கால்வாசி காடி.