மிங்க் துரைக்குப் பொறி

1929இல் அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு ஒரு விருந்தாளி வந்து இறங்கியது. பெயர் மிங்க். கீரியின் உடல்வாகு, நீர்நாய்க்குப் பங்காளி முறை, நன்றாகத் தின்று கொழுத்த ஆணே ஒரு கிலோவைச் சற்றுத் தாண்டும். படிக்கவோ பிழைக்கவோ வரவில்லை. தோலைக் கொடுக்க வந்தது. சீமாட்டி ஒருத்தி நாடகம் பார்க்கப் போக முழுநீளக் கோட்டு வேண்டுமென்றால் ஐம்பது அறுபது மிங்க்குகள் உயிரை விட வேண்டும். இந்த ஏற்பாட்டில் மிங்க்கின் கையெழுத்தை மட்டும் யாரும் வாங்கவில்லை.

ஆகவே அது தாழ்ப்பாள் சரியாக விழாத ஓர் இரவு பார்த்து வெளியே போனது. இன்னொரு பண்ணையில் இன்னொன்று போனது. அப்படிப் போனவை ஒன்றையொன்று ஆற்றங்கரையில் சந்தித்துக்கொண்டதில் வியப்பென்ன? 1956இல் டெவன் பகுதியின் டீன் ஆற்றோரம் மிங்க் குட்டி போட்டுக் குடும்பம் நடத்துவது உறுதியானது. வாய்த்த நேரத்தையும் பாருங்கள். அதே ஆண்டுகளில்தான் விதை நேர்த்திக்குப் போட்ட டீல்ட்ரின் போன்ற பூச்சிமருந்துகள் ஆற்றில் இறங்கி, நாட்டு நீர்நாய்கள் குறையத் தொடங்கின. ஆற்றின் பழைய பேட்டை ரவுடி படுத்த படுக்கையாகக் கிடக்க, புதியவன் சத்தமில்லாமல் வசூலுக்குக் கிளம்பிவிட்டான்.

வசூலுக்கு ஏற்ற இடம் ட்ரவுட் மீன் குஞ்சு பொரிப்பகம். மிங்க்கின் கண்ணால் அதைப் பார்க்க வேண்டும். இயற்கையான ஆற்றில் ஒரு மீனுக்கு ஓராயிரம் பள்ளம், வேர், பாறை இடுக்கு. இங்கேயோ சிமெண்டுத் தொட்டி, நேரான கால்வாய், அதில் ஆயிரக்கணக்கான மீன்கள் ஒரே அளவில், ஓட இடமில்லாமல். மேலே நாரைக்காக வலை கட்டியிருப்பார்கள். மிங்க் மேலே வந்தால்தானே? தண்ணீர் வடியும் குழாய் வழியாக வரும், கதவின் கீழே வரும். வேலிக்கம்பியின் கண் அங்குலத்துக்கு மேல் இருந்தால் அது வேலியே இல்லை, வரவேற்பு வளைவு. உள்ளே வந்தபின் பசிக்கு ஒன்றைத் தின்று ஏப்பம் விட்டுப் போகும் நாகரிகமும் கிடையாது. துடிக்கிற எதையும் கடிப்பது அதன் பிறவிக் குணம். தின்பது கொஞ்சம், கடித்துப் போடுவது மிச்சம். காலையில் வரும் பண்ணைக்காரர் முதலில் கடவுளைத் திட்டுவார், பிறகு அரசாங்கத்தை.

அரசாங்கம் சும்மா இருந்ததா? இல்லை. 1962இல் மிங்க் வளர்க்க உரிமம் கட்டாயம் என்று ஆணை போட்டது. அப்போது அந்த அமைச்சகத்தின் பெயர் வேளாண்மை, மீன்வளம், உணவு அமைச்சகம். ஆக, மிங்க்கை வளர்க்க உரிமம் கொடுப்பதும் அதே அமைச்சகம், மிங்க் தின்ற மீனுக்காக அழுவதும் அதே அமைச்சகம். 1965இல் இனி ஒன்றையும் விடுவதில்லை என்று பொறிகளோடு களம் இறங்கினார்கள். 1930களில் மஸ்க்ராட் என்ற இன்னொரு தோல் விலங்கு இப்படித்தான் தப்பியது. சில ஆண்டுகளில் அதைப் பொறி வைத்தே நாட்டிலிருந்து துடைத்தெடுத்த பெருமை இருந்தது. அந்த மிதப்பு காரணமாக இருந்திருக்கலாம். மிங்க்கோ ஆண்டுக்கு ஒருமுறை நாலைந்து குட்டி போட்டு அமைச்சகத்தின் கணக்கைச் சரிசெய்துகொண்டே வந்தது. 1970இல் அமைச்சகம் கைகழுவிக்கொண்டது.

அடுத்து வந்தார்கள் சீமான்கள். 1978இல் நீர்நாய்க்குச் சட்டப் பாதுகாப்பு வந்ததும், நீர்நாய் வேட்டைக்கென்றே பரம்பரையாக நாய் வளர்த்த கூட்டத்துக்கு வேலை போய்விட்டது. நாயையும் கொம்பையும் சீருடையையும் குப்பையில் போட மனம் வருமா? நாளைமுதல் நாங்கள் மிங்க் வேட்டைக்காரர்கள் என்று அறிவித்துவிட்டு, அதே ஆற்றில் அதே நாய்களோடு அதே தொப்பியில் இறங்கினார்கள். பொழுது நன்றாகப் போனது. மிங்க்கும் பெருகியது. 2004இல் வந்த வேட்டைத் தடைச் சட்டம் அந்தக் கூத்துக்கும் திரை போட்டது.

நடுவில் விலங்குநேயர்களின் திருப்பணி. 1998 ஆகஸ்டில் ஹாம்ப்ஷயரின் ரிங்வுட் அருகே ஒரு பண்ணைக்குள் இரவில் புகுந்து, ஏறக்குறைய 6,000 மிங்க்குகளுக்குச் சுதந்திரம் வாங்கிக் கொடுத்தார்கள். பாவம், ஆற்றோரத்து நீர் எலியிடம் யாரும் அபிப்பிராயம் கேட்கவில்லை. கென்னத் கிரகாமின் கதையில் படகோட்டும் ராட்டி இந்த நீர் எலிதான். பெண் மிங்க் ஒல்லி; நீர் எலியின் வளைக்குள்ளேயே நுழைந்துவிடும். 1990களில் சுமார் ஏழே ஆண்டுகளில் அந்த நாட்டு நீர் எலிகளில் 90 விழுக்காட்டுக்குக் கிட்ட மறைந்துபோயின. அதில் பெரும்பங்கு மிங்க்குக்கு. தோல் பண்ணைகளுக்கே 2000இல் சட்டம் தடை போட்டது. அதற்குள் ஆறுகளில் மிங்க் குடியுரிமை வாங்கி முடித்திருந்தது.

உருப்படியான யோசனை, வேடிக்கையாக, அந்த ரிங்வுட்டுக்குப் பக்கத்து ஊரிலிருந்தே வந்தது. ஃபோர்டிங்பிரிட்ஜில், அப்போது கேம் கன்சர்வன்சி என்று பெயர் கொண்டிருந்த அமைப்பின் ஆட்கள் 2002இல் ஒரு மிதவை செய்தார்கள். பலகை, தெர்மக்கோல், மேலே சின்னதாக ஒரு கூடாரம், உள்ளே ஈரக் களிமண் தட்டு. அவ்வளவுதான். மிங்க்குக்கு ஒரு பலவீனம் உண்டு: தண்ணீரோரம் பொந்து எதைக் கண்டாலும் தலையை விட்டுப் பார்த்தே தீரும். வந்து போனால் களிமண்ணில் கால் தடம். தடம் விழுந்த மிதவையில் மட்டும் கூண்டு வைத்தால் போதும். நாற்பது ஆண்டாக ஆளில்லாத கரையில் பொறி வைத்துக் காத்துக் கிடந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ.

இரை விஷயத்திலும் ஞானோதயம் தாமதம்தான். வெகுகாலம் பொறியில் செத்த மீனை வைத்தார்கள். மீன் பண்ணைக்கு நடுவில்! பந்தியில் உட்கார்ந்து மூன்றாவது முறை பாயசம் கேட்பவனிடம் பொட்டலச் சோற்றை நீட்டுவதுபோல. 2001இல் ஸ்காட்லாந்தின் ஹெப்ரிடீஸ் தீவுகளில் மிங்க் ஒழிப்பு தொடங்கியது. அங்கும் பழைய தோல் பண்ணைகள் விட்டுப்போன சொத்துதான். மிங்க்கின் வால்புறச் சுரப்பியின் நாற்றத்தைத் தடவினால் மீனைவிட நன்றாகச் சிக்குகிறது என்று அங்கே தெரிந்தது. வயிறு நிறைந்தவனுக்குச் சோறு எதற்கு? தன் பேட்டையில் வேறொருவன் வந்திருக்கிறான் என்ற வதந்தி போதும்.

நீர்நாயும் மெல்ல உடம்பு தேறித் திரும்பி வந்து, பழைய வசூல் பேட்டைகளில் மிங்க்கை ஓரங்கட்டியது. பண்ணைக்காரருக்கு இதில் முழு மகிழ்ச்சி இல்லை; நீர்நாயும் ட்ரவுட்தான் தின்னும், அதுவும் பெரிதாகப் பார்த்து. அதைப் பிடிக்கவும் சட்டம் விடாது. கூண்டு வாயில் நீர்நாய் நுழையாதபடி தடுப்பு வைக்க வேண்டும். கூண்டை ஒவ்வொரு நாளும் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

அந்த நடைக்கும் இப்போது வழி வந்துவிட்டது. கூண்டின் கதவு விழுந்ததும் கைபேசிக்குச் செய்தி வரும் கருவிகளைப் பூட்டியிருக்கிறார்கள். கிழக்கு ஆங்கிலியாவின் பெரும்பரப்பில் மிங்க் குட்டி போடுவதே நின்றிருப்பதில் இதற்கும் பங்குண்டு. செய்தி நள்ளிரவிலும் வரும், மழையிலும் வரும். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு டார்ச்சோடு சேற்றில் இறங்கிப் போனால், பல இரவுகளில் கூண்டுக்குள் நின்று உரக்கக் கத்திக்கொண்டிருப்பது ஒரு தாழைக்கோழி.