முதலாளி வாங்கிவிட்டார், ஓடி வாருங்கள்!

"புரமோட்டரே வாங்குறாரு சார்!"

சந்தை சரிந்து கிடக்கும் நாட்களில் இதைவிடப் பக்தியோடு ஓதப்படும் மந்திரம் வேறில்லை. தொலைக்காட்சியில் கோட்டு போட்டவர் ஓதுகிறார். டெலிகிராம் குழுவில் முகம் தெரியாத குருநாதர் ஓதுகிறார். டிமேட் கணக்கு தொடங்கி ஆறு மாதம் ஆகாத மச்சினன்கூட ஓதுகிறான். தர்க்கம் ரொம்ப எளிது. கம்பெனிக்குள்ளேயே இருப்பவருக்குத் தெரியாததா? மகள் கல்யாணம், புது பங்களா, விவாகரத்து என்று ஷேரை விற்க அவருக்கு நூறு காரணம் இருக்கலாம். வாங்குவதற்கு ஒரே காரணம்தானாம்: விலை ஏறப்போகிறது.

என்ன தாராள மனசு! ஊரில் அரை கிரவுண்டு வாங்கினாலே பங்காளிக்குத் தெரியாமல் பத்திரம் பதிகிற நாட்டில், ஒரு முதலாளி தனக்கு மட்டும் தெரிந்த புதையலுக்கு எக்ஸ்சேஞ்ச் மூலமாக ஊருக்கே வழி சொல்கிறாராம். சட்டம் அவரைச் சொல்ல வைக்கிறது என்பீர்கள். உண்மைதான். நாலு பேர் பார்ப்பார்கள் என்று தெரிந்தே வாங்குகிறார் என்பதும் உண்மைதான். தூண்டில் போடுகிறவனும் காசு கொடுத்துத்தான் புழு வாங்குகிறான்.

அந்த 'ஒரே காரணத்தை' கொஞ்சம் பிரித்துப் பார்க்கலாம். முதலாளி தன் ஷேர்களை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருக்கிறார். விலை இறங்கினால் கடன் கொடுத்தவன், "இன்னும் ஷேர் கொண்டுவா, இல்லாவிட்டால் இருப்பதை விற்றுவிடுவேன்" என்பான். அந்த நேரத்தில் சந்தையில் கொஞ்சம் வாங்கி விலைக்கு முட்டுக்கொடுப்பது கம்பெனி மேல் உள்ள நம்பிக்கையால் அல்ல, கடன்காரன் மேல் உள்ள பயத்தால். அடமானத்தை வெளியே சொல்லியாக வேண்டும் என்பதே 2009 ஜனவரியில், சத்யம் கம்பெனி கவிழ்ந்த பிறகுதான் சந்தையைக் கண்காணிக்கும் செபிக்குத் தோன்றியது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

இன்னொரு காரணம் வாரண்ட். "புரமோட்டர் முதலீட்டை உயர்த்துகிறார்" என்று கொட்டை எழுத்தில் செய்தி வரும். உள்ளே படித்தால், இன்று அவர் கட்டுவது 25 சதவீதம். மீதியைக் கட்ட 18 மாதம் அவகாசம். விலை ஏறினால் மீதியைக் கட்டி, அன்று பேசிய விலைக்கே ஷேரை வாங்கிக்கொள்வார். இறங்கினால் கட்டியதை விட்டுவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு போய்விடுவார். செய்தியைப் பார்த்து ஓடிப்போய் வாங்கிய நீங்கள் நூற்றுக்கு நூறும் கட்டியாயிற்று. முதலாளிக்குக் கிடைத்த தவணை வசதியை உங்கள் புரோக்கரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்களேன்.

நிஜமாகவே நம்பி, சொந்தப் பணத்தில் வாங்குகிற முதலாளியே இல்லையா? இருக்கிறார். வாங்கியதை எக்ஸ்சேஞ்சுக்குச் சொல்ல அவர் நிரப்புவதும் அதே படிவம்தான்.

இந்த வித்தைக்கெல்லாம் மூலவர் ஹூஸ்டனில் இருந்தார். பெயர் கென்னத் லே, என்ரான் தலைவர். மகாராஷ்டிரத்து தாபோலில் மின்நிலையம் கட்டி, அந்த மாநில மின்வாரியத்தை யூனிட் விலையாலேயே மூச்சுமுட்ட வைத்த அதே என்ரான்தான். 2001 செப்டம்பர் 26 அன்று அவர் தன் ஊழியர்களோடு இணையத்தில் உரையாடினார். ஷேர் அபார மலிவு என்றார். இந்தக் காலாண்டு பிரமாதம் என்றார். கடந்த இரண்டு மாதத்தில் தானே சுமார் 40 லட்சம் டாலருக்கு வாங்கியதாகவும் சொன்னார். வாங்கியதில் பொய் இல்லை. அதே இரண்டு மாதத்தில் 2 கோடியே 40 லட்சம் டாலருக்கு விற்றிருந்தார். அதைச் சொல்ல மட்டும் அவருக்கு வாய் வரவில்லை.

யாரிடம் விற்றார்? என்ரானிடமே. கம்பெனி கொடுத்த கடனை ரொக்கமாக எடுப்பார், ஷேரைக் கொடுத்து அடைப்பார், மறுபடி எடுப்பார். சந்தையில் வாங்கினால் அடுத்த மாதமே சொல்ல வேண்டும், சொந்தக் கம்பெனிக்கு விற்றால் ஆண்டு முடிந்த பிறகு சாவகாசமாகச் சொல்லலாம் என்று அன்றைய அமெரிக்க விதி அவருக்கு வெற்றிலை பாக்கு வைத்திருந்தது. ஆகவே, உள்ளே இருப்பவர் கையைப் பார்த்து வாங்கும் மகா புத்திசாலிகளுக்கு அன்று தெரிந்தது வாங்கும் கை மட்டும்.

மூன்றே வாரத்தில், அக்டோபர் 16 அன்று, அந்தப் 'பிரமாதமான' காலாண்டின் நஷ்டம் 61 கோடியே 80 லட்சம் டாலர் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 2 அன்று கம்பெனி திவால். 2000 ஆகஸ்டில் 90 டாலர் விற்ற ஷேர் ஒரு டாலருக்கும் கீழே போனது. ஊழியர்களின் ஓய்வுக்காலச் சேமிப்பில் பாதிக்கு மேல் என்ரான் ஷேர்தான். கம்பெனி தன் பங்காகப் போட்ட ஷேரை 50 வயது ஆகும்வரை விற்கக்கூடாது என்று விதி. போதாக்குறைக்கு, சேமிப்புத் திட்டத்தின் நிர்வாகியை மாற்றுகிறோம் என்று சொல்லி, விலை விழுந்துகொண்டிருந்த அந்த நாட்களிலேயே கணக்கைப் பூட்டி வைத்தார்கள். தலைவருக்குப் பூட்டும் இல்லை, வயது வரம்பும் இல்லை.

ஏன் விற்றீர்கள் என்று கோர்ட்டில் கேட்டதற்கு அவர் தரப்பு சொன்ன பதில்: கடன் கொடுத்தவர்கள் நெருக்கினார்கள், வேறு வழியில்லை. ஆக, நெருக்கடி வந்தால் விற்றுத் தப்பிக்க வேண்டும் என்று தலைவருக்குத் தெரிந்திருக்கிறது. ஊழியர்களுக்கு மட்டும் வாங்கச் சொல்லி உபதேசம்.

2002இல் அமெரிக்கச் சட்டத்தைத் திருத்தி, இரண்டு வேலை நாளில் சொல்லிவிட வேண்டும் என்றார்கள். நல்லது. எவ்வளவு வாங்கினார் என்று இப்போது சீக்கிரமே தெரிகிறது. யார் பணத்தில் வாங்கினார், எந்த ஓட்டையை மறைக்க வாங்கினார் என்பதற்கெல்லாம் படிவத்தில் கட்டம் கிடையாது.

2006 மே மாதம் நடுவர் குழு கென்னத் லேயைக் குற்றவாளி என்றது. தண்டனை அறிவிப்பதற்குள், ஜூலையில் இறந்துபோனார். மேல்முறையீடு செய்ய ஆள் இல்லாததால் தீர்ப்பையே அக்டோபரில் ரத்து செய்தார் நீதிபதி. சட்டப்படி அவர் மேல் இன்று ஒரு குற்றமும் இல்லை. அவர் பேச்சைக் கேட்டு வாங்கிய ஊழியர் செத்தால் அந்தச் சலுகை கிடையாது. கணக்கில் இருக்கும் பூஜ்யம் அப்படியே வாரிசுக்குப் போகும்.