எல்லாம் படிப்புக்காகத்தான்!

மார்ச் பிறந்தால் ஹூஸ்டனில் கம்ப்யூட்டர் தட்டுகிறவனும் கௌபாய்தான். மாட்டுக்கு மேல்வரிசையில் முன்பல் கிடையாது என்பதுகூடத் தெரியாத கனவான்கள் பளபளக்கும் பூட்ஸை மாட்டிக்கொண்டு காலை அகட்டி அகட்டி நடப்பார்கள். காரணம், அப்போது அங்கே நடக்கும் கால்நடைக் காட்சி. 1932-இல் தொடங்கியது. இப்போது ரோடியோ என்கிற கௌபாய் போட்டி, ராட்டினம், பாட்டுக் கச்சேரி என்று மூன்று வாரம் நடக்கிறது. 20 லட்சம் பேருக்கு மேல் வருகிறார்கள். தங்கை குடும்பத்தோடு நாங்களும் போனோம். பார்க்கிங்குக்கு அழுத காசில் ஊரில் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கியிருக்கலாம்.

"விடுங்க மச்சான், எல்லாம் பிள்ளைங்க படிப்புக்குத்தான் போகுது" என்றார் தங்கை வீட்டுக்காரர்.

பொய்யில்லை. இதுவரை 50 கோடி டாலருக்கு மேல் கல்விக்கும் இளைஞர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரியைத்தான் அத்தனை ரத்தக் காயத்துக்கும் மருந்தாகத் தடவுகிறார்கள்.

முதலில் செம்மறிச் சவாரி. ஐந்து, ஆறு வயதுப் பிள்ளைகளுக்கு. எடை 25 கிலோவைத் தாண்டக் கூடாதாம். ஆட்டின் மேல் எவ்வளவு கரிசனம்! ஹெல்மெட்டும் மார்க்கவசமும் மாட்டி, ஆட்டின் முதுகில் குப்புறப் படுக்க வைத்துக் கதவைத் திறந்துவிடுகிறார்கள். மிரண்டு ஓடிய ஆட்டிலிருந்து ஒரு சிறுமி மண்ணில் உருண்டாள். எழுந்தபோது பல்லெல்லாம் மண். அழுகைக்கு உதடு கோணுவதற்குள் அறிவிப்பாளர் மைக்கை நீட்டிவிட்டார். கூட்டம் கைதட்டியது, அவள் அழுகையை விழுங்கினாள். பாடம் ஒன்று முடிந்தது.

பிறகு ஸ்டேடியத்துக்குள் கொடியேற்றம், தேசிய கீதம். எல்லோரும் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்தோம். தேசபக்தி முடிந்த கையோடு கன்றுக்குட்டியை அவிழ்த்துவிட்டார்கள். உயிர் பிழைத்தால் போதும் என்று தலைதெறிக்க ஓடும் குட்டி. பின்னால் குதிரையில் வந்தவன் சுருக்குக் கயிற்றை வீசினான். கழுத்தில் கயிறு இறுகிய வேகத்தில் குட்டியின் உடம்பு அந்தரத்தில் திரும்பி, மல்லாந்து விழுந்தது. அவன் குதித்து ஓடி வந்து மூன்று கால்களைச் சேர்த்துக் கட்டிவிட்டுக் கைகளை உயர்த்தினான். கட்டு ஆறு நொடி அவிழாமல் இருந்தால்தான் அவன் எடுத்த நேரம் கணக்கில் சேரும். அந்த ஆறு நொடியும் குட்டியின் நாக்கு வெளியே தொங்கியதை ராட்சதத் திரை தெள்ளத்தெளிவாகக் காட்டியது. என் பக்கத்துச் சீட்டுக்காரர் வறுத்த வான்கோழிக் காலைக் கடித்தபடி "பியூட்டிஃபுல்" என்றார்.

சட்டம் என்ன செய்கிறது என்கிறீர்களா? 1966-இல் அமெரிக்கா விலங்கு நலச் சட்டம் இயற்றியது. ரோடியோவும் கால்நடைக் காட்சியும் அந்தச் சட்டத்துக்குள் வராது என்று பெயர் சொல்லியே விலக்கு அளித்திருக்கிறார்கள். இந்த நாட்டு நண்பர்கள்தான் ஜல்லிக்கட்டு என்றதும் என்னிடம் முகம் சுளிப்பவர்கள். நம் ஆள் மட்டும் சளைத்தவரா? 2017-இல் மெரினா போராட்டத்துக்காக இங்கே கறுப்புச் சட்டை போட்டவர் தங்கை வீட்டுக்காரர். "இது எப்படி மாப்ளே?" என்றேன். "அது நம்ம பண்பாடு, இது அவங்க பண்பாடு" என்றார். பிரச்சினை தீர்ந்தது. மாட்டுக்குத்தான் எந்தப் பண்பாடும் இல்லை.

காட்சிக் கூடத்தில் ஒரு பையன் தன் காயடித்த காளையைக் குளிப்பாட்டி, காற்றூதும் கருவியால் ரோமத்தை உலர்த்தி, கால்மயிரைப் பசை தடவிச் சீவிக்கொண்டிருந்தான். அது அவன் தோளை நக்கியது. இப்படி வளர்ந்த முதல் பரிசுக் காளை ஒன்று 2022-இல் 10 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. உலகத்தில் எந்த மாட்டுக் கறிக்கும் அந்த விலை கிடையாது. வாங்குகிறவர்களுக்கு வேண்டியது கறியுமல்ல. மேடையும் புகைப்படமும் கொடைவள்ளல் பட்டமும். மாட்டுக்குக் கிடைப்பது கசாப்புக் கூடம். வளர்த்த பிள்ளை மூக்கை உறிஞ்சிக்கொண்டு வெறும் கயிற்றோடு வீடு திரும்ப வேண்டும். அவனையும் சேர்த்துத்தான் மாப்பிள்ளை சொல்கிறார், எல்லாம் படிப்புக்காகத்தான் என்று.

ஐயா கோடீஸ்வரர்களே, பிள்ளைகள் படிக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையிருந்தால் காசோலையை எழுதிப் பள்ளிக்கூடத்துக்கு நேராக அனுப்புங்கள். தபால் செலவு ஒரு டாலர்கூட ஆகாது.