ரொட்டி வாசனையே வழிகாட்டி

கேள்வி: பிரான்சின் லியோனில் படிக்கிறேன். கையில் காசு குறைவு. ஊரையும் பார்க்க வேண்டும், நல்ல சாப்பாடும் ருசிக்க வேண்டும். எங்கே தொடங்கலாம்?

பதில்: ‘பூலான்ஜெரி’ என்று பலகை மாட்டிய ரொட்டிக் கடையில்! மாவு பிசைவதிலிருந்து சுடுவதுவரை அங்கேயே நடந்தால்தான் அந்தப் பெயரை வைக்கலாம் என்று 1998இல் சட்டமே போட்டார்கள். ‘திரடிசியோன்’ பகெத் என்ற நீள ரொட்டியைக் கேளுங்கள். 1993 ஆணைப்படி அதை உறையவைக்கவும் கூடாது, ரசாயனம் சேர்க்கவும் கூடாது. ரொட்டிக்கு இப்படிக் காவல் நிற்கும் அரசாங்கத்தை எனக்கு ரொம்பப் பிடிக்கும்! சூடான நுனியைக் கிள்ளித் தின்றபடி க்ருவா ரூஸ் மேட்டுக்கு ஏறுங்கள். அங்கே காலைச் சந்தையில் சேன் மர்செலேன் பாலாடைக்கட்டி ஒன்று வாங்குங்கள். உள்ளங்கைக்குள் அடங்கும், கனிந்தால் வழியும். இறங்கும்போது, பட்டு நெசவாளர்கள் மழையில் நனையாமல் துணி சுமந்துபோன ‘த்ரபூல்’ நடைவழிகளில் புகுந்து வாருங்கள். அதற்குக் கட்டணமே கிடையாது.