மொட்டைமாடி ஆன்டெனா

கேள்வி: கைக்குக் கை செல்போன் வந்துவிட்டது. இன்னும் ஹாம் ரேடியோ எதற்கு? அதற்கு ஒரு கிளப் வேறா?
- வாசகர், தாம்பரம்

பதில்: செல்போனில் அழைப்பவர்கள் கடன் கேட்பார்கள், ஹாம் என்னும் பொழுதுபோக்கு வானொலியில் வருகிறவர் "உங்கள் குரல் தெளிவாகக் கேட்கிறது" என்பார். வீட்டில் யார் அப்படிச் சொல்கிறார்கள்? தவிர, 2004 சுனாமியில் அந்தமானில் தொலைபேசிகள் ஊமையானபோது, தற்செயலாக போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத் என்பவரின் ஹாம் குழுதான் தகவல்களைக் கடத்தியது.

12 வயதானால் ஹாம் உரிமத்துக்கான தேர்வு எழுதலாம். தொடக்க நிலைக்கு மோர்ஸ் தந்திக்குறி தேவையில்லை. பாஸ் செய்து மத்திய அரசின் உரிமம் வாங்குவதுகூடப் பெரிதல்ல. பலர் அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டு மறந்துபோகிறார்களே, அங்கேதான் கிளப் வேண்டும். மாடியில் கம்பி கட்ட ஆள் வரும், பழைய செட் இரவல் கிடைக்கும், குறித்த நேரத்தில் அலைவரிசையில் வருகைப்பதிவு எடுப்பார்கள். நாலு நாள் காணோம் என்றால் "உடம்புக்கு என்ன?" என்று விசாரிப்பார்கள். அரசியலும் வியாபாரமும் பேசக் கூடாது என்பது விதி. பிறகு நம்மவர்கள் என்னதான் பேசுவார்கள் என்கிறீர்களா? ஆன்டெனாவைப் பற்றி, மணிக்கணக்கில்!

கேள்வி: ராஜீவ் காந்தியும் ஹாமாமே?
- வாசகி, மதுரை

பதில்: ஆமாம். அழைப்புக்குறி வியூ2ஆர்ஜி. ஆனால் அலைவரிசையில் வேறொருவர் பேசிக்கொண்டிருந்தால் பிரதமரும் காத்திருக்கத்தான் வேண்டும். அன்றைய சிவப்பு விளக்குக் காரும் அங்கே போயிருக்காது.