மூணு மாசத்து ஓடை

ஏந் தம்பி, கோயமுத்தூரு காந்திபுரம் நூறடி ரோட்டுல ஏசி போட்டு உக்காந்துட்டு, மலையில ஓடற ஓடையைப் பத்தி மூணே மாசத்துல ரிப்போர்ட் எழுதி முடிச்சுட்டயாமா? அட சாமி! என்ற பேத்திக்கு மாப்பிளை பாக்கவே அதவிட எச்சா நாளாச்சு. தண்ணி அளக்கற மெஷினை ஓடைக்குள்ள எறக்கி உட்டா, அது உன்ற செல்போனுக்கே கணக்கு அனுப்புதாம். கெட்டிக்காரன்தான் போ.

ஊட்டியில மண்ணு, தண்ணி காக்கற மத்திய ஆராய்ச்சி மையம் இருக்குதே, அவங்களுக்கு இந்த வேகமெல்லாம் வரல. 1968-ல ஊட்டிப் பக்கம் கிளென்மார்கன்ல பக்கம் பக்கமா ரெண்டு சின்ன நீர்ப்பிடிப்பு எடம் புடிச்சாங்க. ஒவ்வொண்ணும் எண்பது ஏக்கரா வாக்குல, புல்லுக்காடும் சோலையுமா. ரெண்டு ஓடை வாயிலயும் தடுப்பு கட்டி, பேஞ்ச மழை எவ்வளவு, போன தண்ணி எவ்வளவுன்னு எழுதிக்கிட்டே கெடந்தாங்க. 1971 முடிய மலையில ஒரு குச்சியும் நடல. இன்னைக்கு ஒரு ஆபீசர் நாலு வருசம் இப்படிச் சும்மா பாத்துட்டிருந்தா, மெமோ ஊடு தேடி வந்துரும்!

அந்தச் சும்மாவுலதான் கண்ணு சூட்சுமமே. ஒரே மழைக்கு ரெண்டு ஓடையும் எப்படி ஓடுதுன்னு மொதல்ல தெரியோணும். அப்பத்தான் பொறவு வர்ற வித்தியாசம் மரத்தாலயா, மழையாலயான்னு சொல்லலாம். 1972-ல ஒரு பக்கம் மட்டும், பாதிக்கு மேல எடத்துல கற்பூர மரம், அதான் தைல மரம், நட்டாங்க. மத்ததைத் தொடவேயில்ல. மொதப் பத்து வருசத்துல நட்ட பக்கம் தண்ணி 16 சதவீதம் கம்மி. வெட்டுனாங்க, அடிக்கட்டை மறுபடி துளுத்துச்சு. வேருதான் ஏற்கெனவே கீழ எறங்கிக் குடிச்சுப் பழகினதாச்சே! அப்படித் துளுத்து வந்த அடுத்த பத்து வருசத்துல, 1991 வரைக்கும், 25 சதவீதம் கம்மி. அதுலயும் வறண்ட மாசத்துல ஊறி வர்ற தண்ணிதான் ரொம்ப இளைச்சுப் போச்சு.

நீ 1975-ல மூணு மாசம் போயி அளந்திருந்தா, மலை பச்சைப்பசேல்னு இருக்குது, ஓடையும் ஓடுது, பிரமாதம்னு எழுதியிருப்ப. போட்டோவும் நல்லா வந்திருக்கும்.

மலைச் சோலி நமக்கெதுக்குன்னு சொல்லிராத. அதே மலையில ஓடற பைக்காராத் தண்ணியில எடுத்த கரண்ட்டுலதான் இந்த ஊரு மில்லு பலதும் சுத்துச்சு. அந்தப் பக்கத்துத் தண்ணி மாயாத்துல எறங்கி, பவானிசாகர் சேந்து, கீழ்பவானி வாய்க்கால்ல நம்ம ஒறம்பரைங்க வெள்ளாமைக்குப் பாயுது. மேல மரம் நட்டவனுக்குக் காடு வளத்த பேரு. கீழ மடையில காத்துக் கெடக்கறவனுக்கு, தண்ணி எங்க போச்சுன்னே தெரியாது.

அதனால அந்த மெஷினைக் கழட்டிட்டு வந்துராத, அங்கயே கெடக்கட்டும். பக்கத்துல கைபடாத ஓடையொண்ணு பாத்து அதுக்கும் ஒண்ணு வாங்கி வெய்யி. காசு குடுத்தவங்ககிட்ட இருபது வருசத்துக்குக் கேளு. முடியாதுன்னாங்கன்னா, ரிப்போர்ட்டு அட்டையில ஓடைன்னு போடாத. மூணு மாச மழைன்னு போட்டுக் குடு.